முதுகில் என் பெயர்

என்னுடைய பெயர் அமெரிக்காவின் நாலு சின்ன நகரங்களிலும் இங்கிலாந்தில் ஒரு நகரத்திலும் ஐஸ் மேல் ஓடியிருக்கிறது. எங்கள் வழக்கப்படி மகனுக்குக் கடைசிப் பெயராக என் பெயரைத்தான் பதிந்தோம். ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்து. அவன் புதிதாக ஓர் ஐஸ் ஹொக்கி அணிக்குப் போகும்போதெல்லாம் அங்கே உள்ள சாமான் பொறுப்பாளர் ஜேர்சியின் முதுகை விரித்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவாராம். ஓர் அணியில் எழுத்துகளை வில்லுப் போல வளைத்து ஒரு தோள்மூட்டிலிருந்து மற்றத் தோள்மூட்டு வரை தைத்தார்கள். இன்னொன்றில் முதல் எட்டு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். பாதி அப்பா.

2015 தொடக்கம் 2023 வரை மகன் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடினான். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். இல் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, எதற்குப் போனாலும் எனக்கு ஒரே கேள்விதான். "தம்பி எப்ப என்.எச்.எல். போறார்?" எட்டு வருடமும் "பாப்பம்" என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது பிள்ளைகளை இந்தப் பாதையில் விட்டிருக்கிற சில தகப்பன்மார் போன் எடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

விடியப்புறம் ஐந்து மணிக்கு அரீனாவுக்கு வான் ஓடியது, சப்பாத்து மாதிரி வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேற் வாங்கியது, இரவு வேலை முடித்த கையோடு வாங்கில் குந்தியிருந்து நித்திரை தூங்கியது எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ரொறன்ரோவின் சிறுவர் ஹொக்கி லீக்கான ஜி.ரி.எச்.எல். இல் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடக்கிறதைப் பற்றி. அதைத்தான் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மேலே என்.எச்.எல்., 32 அணி. அதற்குக் கீழே ஏ.எச்.எல்., 1936 இலிருந்து நடக்கிறது, அதிலும் 32 அணி, ஒவ்வொன்றும் மேலே உள்ள ஒன்றோடு இணைந்தது. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். 1988 இல் ஐந்து அணியோடு ஈஸ்ட் கோஸ்ட் ஹொக்கி லீக் என்று தொடங்கினார்கள். 2003 இல் மேற்குக் கரை லீக்கையும் சேர்த்துக்கொண்ட பிறகு ‘கிழக்குக் கரை’ என்பது பொருந்தாமல் போய்விட்டது. எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு அர்த்தத்தை விட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே, பெரும்பாலும் தென் மாநிலங்களில், எஸ்.பி.எச்.எல். இருக்கிறது. என் மகன் நின்றது மூன்றாம் படி.

படி என்று சொன்னால் ஏறலாம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நன்றாக ஆடினால் அடுத்த படி, பள்ளிக்கூடத்தில் வகுப்பேற்றுவது போல. முதல் வருடம் கிறிஸ்மஸுக்குப் போயிருந்தபோது மகன் உடை மாற்றும் அறை வாசலில் வைத்து விளங்கப்படுத்தினான். அந்த அறையில் இருபது பேர். ஒரே ஜேர்சி, ஒரே பஸ், ஒரே சாப்பாடு. ஆனால் மூன்று சாதி. ஒருவன் என்.எச்.எல். ஒப்பந்தத்தோடு இரண்டு படி கீழே அனுப்பப்பட்டவன். அவனுக்கு அவனுடைய ஒப்பந்தப்படி சம்பளம் வரும், எங்கே ஆடினாலும் வரும். இன்னொருவன் ஏ.எச்.எல். ஒப்பந்தக்காரன். மூன்றாவது, என் மகனைப் போல, இந்த லீக்கின் ஒப்பந்தம் மட்டும் உள்ளவன். முதல் இருவரிலும் மேலே உள்ளவர்கள் காசு போட்டிருக்கிறார்கள். அவர்கள் ஐஸில் நிற்கவேண்டும், பழகவேண்டும். மூன்றாமவன் மிச்சம் இருக்கிற நிமிடங்களில் ஆடுவான்.

ஆகையால் ஒரு பெடியனை "எங்கள் அணிக்கு வா" என்று கூப்பிட்டால் கேட்கவேண்டிய முதல் கேள்வி சம்பளம் இல்லை. அவன் ஆடுகிற இடத்தில் மேலிருந்து எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதுதான். மகன் பின்வரிசைக்காரன், கோல் விழாமல் மறிக்கிறவன். ஓர் அணி கிழமைக்கு 40 டொலர் கூடத் தந்தது. ஆனால் அங்கே மேலிருந்து நாலு பின்வரிசைக்காரர் வந்திறங்கினார்கள். 40 டொலரை எடுத்துக்கொண்டு பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

இன்னொன்று. இந்த லீக்கில் ஆள் சேர்ப்பவர்கள் கோல் காப்பவரான ஜொனதன் குவிக் பெயரைச் சொல்வார்கள். உண்மைதான், அவர் ரெடிங் நகரில் ஆடிவிட்டுத்தான் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை இரண்டு முறை எடுத்தார். அலெக்ஸ் பறோஸ், யானி கூர்ட் என்று இன்னும் சொல்வார்கள். 1988 இலிருந்து 700க்கும் மேற்பட்டவர்கள் இங்கிருந்து என்.எச்.எல். வரை போயிருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியவரும் சேர்த்தி. கேட்கும்போது வயிறு நிறையும், அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு வருகிறேன். முதல் சம்பளச் சீட்டு இன்னும் எங்கள் பிரிட்ஜில் காந்தத்தோடு ஒட்டியிருக்கிறது. கிழமைக்கு 480 அமெரிக்க டொலர். வரியும் வீரர் சங்கச் சந்தாவும் போகக் கையில் வந்தது 397. மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஒட்டினாள். அன்றைக்கு மாற்று விலைப்படி 480 என்பது ஏறக்குறைய 640 கனடா டொலர். பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் நான் அதைவிடக் கொஞ்சம் கூட எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் கை தட்டி ஆரவாரம் செய்யவில்லை, ஆனால் என்னுடையது பன்னிரண்டு மாதமும் வரும். அவனுக்கு ஒக்ரோபரில் தொடங்கி ஏப்ரிலில் முடிந்துவிடும். 26 கிழமை என்று பெருக்கிப் பார்த்தால் முழு வருடமும் 12,480. அதே காலத்தில் ஒரு படி மேலே குறைந்தபட்சமே அதன் மூன்று மடங்கு தாண்டும். இப்போது இந்த லீக்கின் குறைந்தபட்சம் 500ஐத் தாண்டிவிட்டது, ஆனாலும் கணக்கின் முகம் மாறவில்லை.

இதில் ஒரு நல்லது உண்டு. இருக்க வீடு அணியே தரும், தளபாடத்தோடு. மட்டை, கையுறை, ஹெல்மெட் அணியினுடையது. வெளியூர் போனால் சாப்பாட்டுக் காசு தனியாக. கவனமாக இருக்கிற பெடியன் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். என் மகன் முதல் வருடம் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. இரண்டாம் வருடம் மனைவி போய் ஒரு கிழமை நின்று பருப்பும் சோறும் வைக்கப் பழக்கிவிட்டு வந்தாள். மூன்றாம் வருடம் 4,000 டொலர் மிஞ்சியது. அவனோடு ஒரே வீட்டில் இருந்த சஸ்கச்சுவான் மாகாணப் பெடியனும் பிட்டுக்கும் கட்டைச் சம்பலுக்கும் பழகிவிட்டான். ஆட்டத்துக்கு முந்திய நாள் அதைத் தின்றால்தான் பக் என்கிற ரப்பர் வட்டு வலைக்குள் போகும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஹொக்கிக்காரர் எங்கள் ஊர்ச் சாத்திரக்காரரைவிட மோசம்.

சமைத்துக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். போனோம். வின்சர் எல்லையில் அதிகாரி பெட்டியைத் திறந்து ஆட்டிறைச்சிக் கறியை எடுத்துக் குப்பையில் போட்டார். கனடாவிலிருந்து ஆட்டிறைச்சி கொண்டுபோக அப்போது தடை இருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு "மன்னிக்கவேணும்" என்று சொன்னது மனதாரச் சொன்னதாகத்தான் தெரிந்தது.

கோடை ஐந்து மாதம் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசுங்கள். மகன் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பழக்கினான், மத்தியானத்துக்குப் பிறகு புல்லு வெட்டுகிற கொம்பனியில் வேலை. சனிக்கிழமை கைதட்டு வாங்குகிறவன் திங்கட்கிழமை இன்னொருவர் வீட்டு முற்றத்தில் புல்லு வெட்டுவதில் எனக்கு முதலில் கூச்சம் இருந்தது. அவனுக்கு இருக்கவில்லை.

இனி, மாற்றிக் கொடுப்பது. 2017 மாசி மாதம், இரவு பதினொரு மணியிருக்கும்.

"அப்பா, என்னை ட்ரேட் பண்ணிட்டினம். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடோணும்."

"ஆருக்குப் பதிலா?"

"ஒருத்தருமில்லை. ஃபியூச்சர் கன்சிடறேஷன்ஸ்."

அதாவது, பதிலுக்கு எதைத் தருவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு அணியும் பேசிக்கொண்டது. என் பிள்ளையைக் கடனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. மகன்தான் என்னைத் தேற்ற ஒரு கதை சொன்னான். 1983 இல் ரொம் மார்ட்டின் என்றொரு பெடியனை, 20 வயது வரையானவர்கள் ஆடுகிற ஜூனியர் லீக்கில், சியாட்டில் அணி விக்டோரியா அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பழைய பஸ் வாங்கியதாம். அந்த மார்ட்டின் பின்னர் என்.எச்.எல். வரை போனார். "பஸ்ஸுக்காவது போனானே" என்றேன். மகன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன், அழுகை வராமல் இருந்திருந்தால்.

அந்த இரவில் படித்தவை சில. ஒன்று, அங்கே ஒரு சாமானும் வாங்கக் கூடாது. முதல் அணியில் அவன் ஒரு பெரிய தொலைக்காட்சியும் மீன் தொட்டியும் வாங்கி வைத்திருந்தான். தொலைக்காட்சியைச் சஸ்கச்சுவான் பெடியன் எடுத்துக்கொண்டான். மீனுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஹொக்கிப் பை, ஒரு உடுப்புப் பை, ஒரு சோற்றுப் பானை. அவ்வளவும் காருக்குள் அடங்கவேண்டும்.

இரண்டு, கடிதங்கள். கனடாப் பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் P-1 என்கிற விளையாட்டு வீரர் அனுமதியில்தான் ஆடுகிறார்கள். 2006 இல் சட்டத்தை மாற்றியபின்தான் சின்ன லீக்காரருக்கும் அது கிடைத்தது. அந்த அனுமதி அணியோடு கட்டுப்பட்டது. ஆளை மாற்றிக் கொடுத்தால் 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் புதிய அணி தன் பெயரில் விண்ணப்பம் போடவேண்டும். போடுவார்கள்தான். ஆனால் போட்டதற்குச் சான்று கையில் இருக்கவேண்டும். மகனுக்கு ஒருமுறை எல்லையில் மூன்று மணித்தியாலம் போனது, ஒரு கடிதத்தின் பிரதி இல்லாமல்.

மூன்று, வரி. எந்தெந்த மாநிலத்தில் ஆடினானோ அங்கெல்லாம் ஒரு துண்டு கணக்கு வரலாம், இங்கேயும் பதியவேண்டும். எங்கள் ஊர்க் கணக்காளர் முதல் வருடம் கைவிரித்துவிட்டார். வீரர்களின் சங்கம் செயின்ற் கதரீன்ஸ் நகரில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம். 1967 இல் தொடங்கியது, இப்போது ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். இரண்டு வீரர்களுக்காகவும் பேசுகிறது. அவர்களிடம் கேட்டபோதுதான் இந்த வேலை தெரிந்தவர்களின் வழி பிடிபட்டது. சந்தா வெட்டுகிறார்கள் என்று முறுமுறுத்தவன் நான்தான். பிறகு அந்தச் சந்தாவில்தான் அதிகம் பயன் எடுத்தோம்.

நான்கு, ஒன்ராறியோ மருத்துவ அட்டை. எந்த 12 மாதத்திலும் 212 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அட்டை கேள்விக்குள்ளாகும். புரட்டாதிக் கடைசியில் பயிற்சி முகாம், ஏப்ரில் வரை ஆட்டம், இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு மாதம். விரலை மடித்து எண்ணினால் கோட்டைத் தாண்டிவிடும். வேலைக்காகப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்து நீட்டிப்பு வாங்கலாம். நல்லாய் ஆடி இறுதிச் சுற்றுக்குப் போகிற வருடத்தில்தான் இதற்குப் பயப்படவேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை.

இந்த அணிகளில் பயிற்றுநர்தான் பெரும்பாலும் ஆள் சேர்ப்பவரும், வெளியே விடுபவரும். காலையில் தோளில் தட்டுகிறவர் பின்னேரம் வெளியே அனுப்புவார். அதில் பகை இல்லை. மகன் இதை எனக்கு முன்னாலேயே விளங்கிக்கொண்டான். நான் ஒரு பயிற்றுநரோடு கதைக்காமல் இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்; பிறகு பார்த்தால் இங்கிலாந்து அணிக்கு அவனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது அந்த மனிதர்தான்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம் இந்த லீக்கில் சாதாரணம். ரசிகர் வருவது அந்த நாட்களில்தானே. சனி இரவு ஆட்டம் முடிந்து பஸ்ஸில் அடுக்குக் கட்டிலில் படுத்து, ஞாயிறு விடிய இன்னொரு மாநிலத்தில் எழும்புவார்கள். ஒரு பருவத்துக்கு 72 ஆட்டம். பக்கை உடம்பால் மறிப்பதுதான் மகனின் தொழில். கோல் போடுகிறவனுக்குப் பெயர், மறிக்கிறவனுக்கு நீலக் கறை. கோடையில் வீட்டுக்கு வரும்போது அவன் கணுக்கால் எலும்பில் மனைவி எண்ணெய் பூசுவாள், அவன் சத்தம் போடுவான்.

2019 தை மாதம் தலையில் முழங்கை பட்டது. அன்றைக்கே போன் எடுத்து "ஒண்டுமில்லை அப்பா" என்றான். அடுத்த நாளும் ஆடினான். ஆறாம் நாள் மனைவியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒரே விசயத்தை மூன்று முறை கேட்டிருக்கிறான். தாய்க்கு அது போதும். இரவோடிரவாகக் கார் எடுத்தோம்.

அவன் ஏன் மறைத்தான்? பயம். அவனுடைய இடத்துக்கு எஸ்.பி.எச்.எல். இல் ஒருவன் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். கிழமைச் சம்பளத்தில் இருப்பவனுக்கு அது கற்பனைப் பயம் இல்லை. ஆனால் இங்கே ஒரு கணக்குப் பிழை இருக்கிறது, அதை அவனுக்குச் சங்கத்தில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். வேலையில் பட்ட காயம் என்று எழுத்தில் பதிந்துவிட்டால் வைத்தியச் செலவுக்கும் சம்பளத்துக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பதியாமல் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டால், எப்போது பட்டது, எங்கே பட்டது என்று பிறகு நாங்கள்தான் நிறுவவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆகவே எந்தக் காயம் என்றாலும் அன்றைக்கே பயிற்சி உதவியாளருக்கு ஒரு மின்னஞ்சல், பிரதி வீட்டுக்கு. வாயால் சொன்னது கணக்கில் இல்லை.

அவனை ஐந்து கிழமை ஆடாமல் வைத்திருந்தார்கள். அணி பார்க்கச் சொன்ன வைத்தியர் குணமாகிவிட்டது என்று எழுதினார், அடுத்த நாள் அணி அவனை விடுவித்தது. நாங்கள் ரொறன்ரோவில் இன்னொரு வைத்தியரிடம் காட்டினோம். அவர் இன்னும் மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார். இரண்டாம் வைத்தியரிடம் போகிற உரிமை நமக்கு உண்டு, காசு போனாலும் போங்கள். அந்த அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, புல்லு வெட்டும்போது போடுவேன்.

மேலே போன கதையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அழுது வடிக்கிறேன் என்பீர்கள். 2018 மாசியில் ஓர் ஏ.எச்.எல். அணியில் பின்வரிசைக்காரர் வரிசையாகக் காயப்பட்டார்கள். பரீட்சார்த்த ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, 25 ஆட்டம் வரை. அதில் கூப்பிட்டார்கள். மூன்று கிழமையில் ஒன்பது ஆட்டம். மூன்றாம் படியில் இரண்டு மாதத்தில் வருகிற காசு அந்த மூன்று கிழமையில் வந்தது. விமானத்தில் போனார்கள். மட்டை முறிந்தால் கேட்காமலே அடுத்தது வந்தது. நாங்கள் இரண்டு ஆட்டம் நேரில் பார்த்தோம். கோல் இல்லை, மற்றவன் போட்ட கோலுக்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்த ‘உதவி’ ஒன்று இருந்தது. அறிவிப்பாளர் என் பெயரை முழுவதும், ஓர் எழுத்தும் விழுங்காமல் வாசித்தார். முதல் நாள் மகனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாராம். காயப்பட்டவர்கள் குணமானார்கள், இவன் திரும்பினான். அந்த மூன்று கிழமைக் காசில் ஒரு சதமும் செலவழிக்காதே என்றேன். அது பிறகு படிப்புக்குப் போனது.

படிப்பு. இதில்தான் என்னுடைய பெரிய பிழை. ஜூனியர் லீக்குகளில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகச் செலவு தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் அதற்குக் கால எல்லை உண்டு, சம்பளத்துக்கு ஆடப் போய்விட்டால் அது ஓடத் தொடங்கும். விதி லீக்குக்கு லீக் வேறு, ஆளுக்கு ஆள் ஒப்பந்தமும் வேறு. மகனுடைய ஒப்பந்தத்தில் அது ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட பக்கம் ஒன்பதாவது. "ஒரு வருடம் ஆடிப் பார்ப்பம்" என்று போனான், பிறகு இன்னொரு வருடம். கால எல்லை முடிந்ததை நாங்கள் அறிந்தபோது முடிந்து நாலு மாதம். யாரையும் குறை சொல்ல ஏலாது. இங்கிலீசு வாசிக்கத் தெரியாதவன் இல்லை நான், வாசிக்கவில்லை.

இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வழி கொஞ்சம் அகலம். முன்பு ஜூனியரின் மேல் மட்டமான கனடா மேஜர் ஜூனியரில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2024 கார்த்திகையில் அந்த விதியை மாற்றி, 2025 ஆவணி முதல் திறந்துவிட்டார்கள். என்னிடம் கேட்கிற தகப்பன்மாருக்கு நான் முதலில் சொல்வது இது. 20 வயதில் கிழமைக்கு 500 டொலரா, நாலு வருடப் படிப்பா என்று வந்தால், ஹொக்கி எங்கேயும் ஓடிவிடாது. படித்துவிட்டு 24 வயதில் ஈ.சி.எச்.எல். இற்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

மகன் 2016 இல் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வியாகப் பதிந்தான். பஸ்ஸில் மற்றவர்கள் சீட்டு விளையாடும்போது புத்தகம். முதலில் பகிடி பண்ணினார்களாம், பிறகு அவனிடமே வரிப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள்.

அனுபவம் கூடக் கூட மதிப்பும் கூடும் என்று நினைத்தேன். அங்கே அது கிட்டத்தட்டத் தலைகீழ். ஈ.சி.எச்.எல். இல் 260 ஆட்டம் ஆடியவன் மூத்தவன், ஓர் அணியில் அப்படி நாலு பேருக்குத்தான் இடம். கோல் காப்பவருக்கு மட்டும் விலக்கு. ஏ.எச்.எல். இலும் அதே 260ஐ வைத்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பிள்ளைகளை வளர்த்து மேலே அனுப்பத்தானே இந்த லீக்குகள், அதனால் வளர்ந்தவன் இடத்தை அடைக்கக் கூடாது. மகன் 2019 மார்கழியில் அந்த எண்ணிக்கையைத் தொட்டான். அப்போது அவனுக்கு 25 வயது. அவன் தாய் கேட்டாள்: "எங்கட பிள்ளை கிழவனாகிட்டானோ?"

2020 பங்குனியில் கோவிட் வந்து லீக் பருவத்தையே நிறுத்தியது. சம்பளமும் நின்றது. அடுத்த பருவம் பல அணிகள் ஆடவே இல்லை, அவனுடையதும் அதில் ஒன்று. களஞ்சியத்தில் இரவு வேலை செய்துகொண்டு மிச்சமிருந்த பாடங்களை முடித்தான். எட்டு வருடத்தில் அவன் வீட்டில் இருந்த ஒரே குளிர்காலம் அது.

பிறகு இங்கிலாந்து. பிரித்தானியா முழுவதற்குமாக எலிட் லீக் என்று பத்து அணி, பெல்ஃபாஸ்ற், கார்டிஃப், ஷெஃபீல்ட் என்று. அங்கே சில அணிகள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆடிக்கொண்டே முதுகலை படிக்க இடம் தருகின்றன. வீடு தந்தார்கள், சம்பளம் பெரிதாக இல்லை, படிப்புச் செலவு இல்லை. இரண்டு வருடத்தில் முதுகலையோடு திரும்பினான். முதல் பட்டம் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

லண்டனில் இருந்து மச்சாளும் பிள்ளைகளும் ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். கிரிக்கெற் தவிர வேறு தெரியாத மச்சாள் இரண்டாம் பகுதியில் எழுந்து நின்று "அடியடா" என்று கத்தினாவாம். அரீனாச் சத்தத்தில் அந்த ஒரு சொல் மட்டும்தான் மகனுக்கு விளங்கியது.

நிறம் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கண் தெரியாமலே 1958 இல் பொஸ்ரனுக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் வில்லி ஓறி, என்.எச்.எல். இல் 45 ஆட்டம்தான் ஆடினார்; மிச்ச ஆட்டக் காலமெல்லாம் சின்ன லீக்குகளில்தான். அவருடைய படம் மகனின் அறையில் இன்னும் இருக்கிறது. 2022 இல் ஈ.சி.எச்.எல். இல் ஒரு கறுப்பின வீரரைப் பார்த்துக் காட்டிய சைகைக்காக ஒருவருக்கு 38 ஆட்டத் தடை கொடுத்தார்கள். மகனுக்கும் ஓர் ஊரில் வேலிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒன்று நடந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னான். என்ன சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை, நான் எழுதவும் மாட்டேன்.

2023 ஏப்ரிலில் மட்டையை வைத்துவிட்டு வந்தான். ஆறு மாதம் கழித்து, ஒக்ரோபர் 28, ஷெஃபீல்ட் அரீனாவில் நொட்டிங்காம் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த அடம் ஜோன்சனின் கழுத்தில் ஸ்கேற் பட்டு அவர் இறந்துபோனார். என்.எச்.எல். இல் பிற்ஸ்பேர்க்குக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு, சின்ன லீக், ஐரோப்பா என்று சுற்றி வந்தவர். வயது 29. என் மகனுக்கும் அதே வயது, அதே ஐஸில் நின்றவன். அடுத்த தையிலிருந்து அந்த லீக்கில் கழுத்துக் காப்பு கட்டாயம். உங்கள் பிள்ளை "வேர்க்குது, மற்றவன் போடேல்லை" என்று சொல்வான். இந்த ஒன்றில் மட்டும் நான் எந்தத் தகப்பனோடும் பொறுமையாகக் கதைப்பதில்லை.

இப்போது மகன் தீயணைப்புப் படைப் பயிற்சியில் இருக்கிறான். ஓடவும், தூக்கவும், அறைக்குள் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யவும் தெரிந்தவனை அவர்களுக்குப் பிடிக்கிறது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் பழைய ஆள் ஒருவர் வந்து பக்கத்தில் இருந்தார். "என்.எச்.எல். சரிவரேல்லைப் போல?" என்றார். எட்டு வருடம் வேலை பார்த்தவன், இப்போது வேறு வேலைக்கு மாறுகிறான் என்றேன். அவர் வடையைக் கடித்தார்.

கராஜில் அவன் கொண்டுவந்து போட்ட முறிந்த மட்டைகள் 23 இருந்தன. எல்லாம் காபன் தண்டு, முறியாமல் இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் 300 டொலர். எறிய மனம் வரவில்லை. போன வைகாசியில் மனைவி அவற்றை வரிசையாகப் பின்வளவில் ஊன்றி, மேலே கயிறு கட்டினாள். மரத்தடியைப் போல உக்கிப்போகாது. பயித்தங்காய்க் கொடி நன்றாகப் பிடித்து ஏறியிருக்கிறது. பாவற்காய்க்குத்தான் இன்னும் நாலு தடி வேண்டுமாம், மகனிடம் கேட்டிருக்கிறாள்.